காவலுக்குப் போனவள்

வெண்பாவை மலைக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் அவள் அம்மாவும் கூட வந்தாக வேண்டும் என்று ஜெயஸ்ரீ மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இந்த நிபந்தனை இல்லை. வெண்பாவுக்கு மட்டும்தான்.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாத குரலில்தான் மிஸ் சொன்னார். நல்ல மனுஷி. யாரையும் புண்படுத்த நினைக்காதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க நீலாவதி. நாங்க போறது கடலூர்ப் பக்கம், கேப்பர் மலைக்கு. சூரியன் கெளம்பறதுக்கு முன்னால ஏறி, மேல நின்னு கடலப் பாக்கறோம். ஆனா அங்க வழியெல்லாம் மண்ணு வெட்டின பள்ளம். அங்கங்க வெள்ளைக் களிமண்ணு வெளியில தெரியும். ஒங்க பொண்ணுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்குதே. நானும் பி.டி. சாரும் நாப்பது புள்ளைங்களப் பாப்பமா, இவ வாயப் பாப்பமா? நீங்க வந்து கையப் புடிச்சிக்கிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

"வரங்க மிஸ்ஸு," என்றாள் நீலாவதி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பக்கத்தில் வெண்பா புத்தகப் பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். பேசாமலிருப்பதில் அந்தப் பெண் கொஞ்ச மாதங்களாக நன்றாகத் தேறியிருந்தாள்.

விஷயம் என்னவென்றால், மண் தின்றது வெண்பா இல்லை. நீலாவதி.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் போகிற பெண்களை சாயங்கால பஸ்ஸில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. புருவத்திலும் முழங்கையிலும் வெள்ளை ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் காதுமடலின் பின்னால் கொஞ்சம் மிச்சமிருக்கும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே நீலாவதி ராஜமாணிக்கத்தின் பீங்கான் பொம்மை ஷெட்டில் வேலை பார்க்கிறாள். களிக்கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, பொம்மையை ஆண்கள் எடுத்து வைப்பார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் பொம்மையின் உடம்பு நெடுகிலும் ஒரு வரி ஓடும். கத்தியால் அந்த வரியைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அப்படி ஒரு வரியே இல்லாததுபோல ஆக்குவது நீலாவதியின் வேலை. சீவிய தூள் மடியில் சேரும். அதைத் திரும்பத் தொட்டியில் கொட்டி ஊற வைக்க வேண்டும். முக்கால்வாசியைக் கொட்டிவிடுவாள்.

வெண்பா வயிற்றிலிருந்தபோது ஆரம்பித்தது அது. அப்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆதிலட்சுமியே ஒரு விள்ளல் கிள்ளிக் கையில் கொடுத்து, "தின்னுடி, புள்ளத்தாச்சி ஆசைய அடக்கக் கூடாது," என்றாள். ஷெட்டே சிரித்தது. ராஜமாணிக்கம்கூட, "புள்ள பொம்மையாட்டம் பொறக்கும்," என்றார். பிள்ளை பிறந்தது. மற்ற பெண்களுக்கெல்லாம் மசக்கையோடு போய்விடுகிற அந்த ஆசை நீலாவதிக்குப் போகவில்லை. சோறு தின்று கை கழுவிய பிறகும் நாக்கு அதைக் கேட்கும். மழை பெய்தால் போதும், வாயில் எச்சில் ஊறும். முந்தானையில் முடிந்துகொண்டு பொம்மை காயவைக்கும் பலகைகளுக்குப் பின்னால் போய் நின்று தின்பாள். தின்ற கையோடு குழாயடியில் வாய் கொப்பளிப்பாள். கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். நீலாவதியும் ஒரு தடவை கிளம்பினாள். பாதி வழியில், யார்மேல் பிராது கொடுப்பது என்று யோசித்துத் திரும்பிவிட்டாள்.

போன அரைப் பரீட்சை லீவில் வெண்பா அம்மாவோடு ஷெட்டுக்கு வந்திருந்தாள். பலகையில் யானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வந்து பார்க்கும்போது ஒரு யானைக்குத் தும்பிக்கை இல்லை. இன்னொன்றுக்குப் பாதிதான் இருந்தது. மிச்சமிருந்த பாதியில் பல் பதிந்திருந்தது.

ராஜமாணிக்கம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எலின்னு பாத்தா எலி இல்லம்மா. மனுசப் பல்லு மாரில்ல இருக்குது?"

வெண்பா மூலையில் ஸ்பாஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்திருப்பாள் போல, உதட்டுக்கு மேல் வெள்ளை. எல்லோருடைய கண்ணும் அங்கே போயிற்று.

"ஏ புள்ள, நீயா?" என்றாள் ஆதிலட்சுமி.

வெண்பா அம்மாவைப் பார்த்தாள். நீலாவதி அப்போது வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை, கையை ஓங்கினாள். "மண்ணாடி திங்கற? வூட்ல நான் ஒனக்குச் சோறு போடலயா? மானத்த வாங்கறியேடி!" என்று முதுகில் மாற்றி மாற்றி அடித்தாள். பொய்க்கு அடிப்பதுபோல இருக்கக் கூடாது என்று நிஜமாகவே அடித்தாள். ஆதிலட்சுமி குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெண்பா அழுதாள். நான் இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பயத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நீலாவதி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அதற்கப்புறம் அது காட்டுத்தீயாகப் பரவியது. லோடு வண்டி ஓட்டுகிற புருஷன் திலீபன், "நம்ம வூட்ல என்னா சோத்துக்கா பஞ்சம்?" என்று மகளைத் திட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த யாரோ பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நீலாவதி தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். திலீபன் சாப்பிட உட்காருவான், குழம்பு ஊற்றுவாள், சொல்லமாட்டாள். நாள் தள்ளிப்போகப் போகச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது. தின்றது ஒன்று, அடித்தது ஒன்று. முதலாவதைக்கூட எப்படியோ சொல்லிவிடலாம். இரண்டாவதை எந்த வாயால் சொல்வது?

மலைக்குப் போகிற அன்று விடிவதற்கு வெகு முன்பே எழுந்து புளிச்சோறு கிளறி, கடலையை வேகவைத்து, இரண்டு பேருக்கும் பொட்டலம் கட்டினாள். இன்றைக்கு மட்டும் மண்ணைத் தொடக் கூடாது, தொட்டால் நான் மனுஷி இல்லை என்று அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்துகொண்டாள். இப்படி எத்தனையோ சத்தியம் அந்த அடுப்பு கேட்டிருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றிருந்தது. பிள்ளைகள் பையும் தொப்பியுமாக இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்பரசி என்று ஒரு பெண், இரட்டைச் சடை, அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெண்பா அங்கே போய் நின்றாள்.

"மிஸ், இவ பக்கத்துல நான் குந்தமாட்டன் மிஸ். மண்ணுப்புழு மிஸ் இவ. என் டிபன் பாக்ஸ தொட்டுடுவா."

பின்னாலிருந்து யாரோ, "மண்ணுப்புழு, மண்ணுப்புழு," என்றார்கள். ஜெயஸ்ரீ மிஸ் அதட்டினார். வெண்பா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பழகிப்போன வழியில் நடப்பதுபோலத் திரும்பி வந்து, கடைசி சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இப்படி நடக்கிறது என்று நீலாவதிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

"தெனமும் இப்பிடித்தான் கூப்புடுவாங்களா பாப்பா?"

"ம்."

"நீ மிஸ்ஸுகிட்ட சொல்றதுதானே?"

"என்னா சொல்றது?" என்றாள் வெண்பா.

நெய்வேலி வெளிச்சம் வந்து போனது. வடலூரில் நிறுத்தி டீ குடித்தார்கள். குறிஞ்சிப்பாடி தாண்டும்போது முன்பக்கப் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். வெண்பா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள்.

மலை என்று பெயர்தானே தவிர அது பெரிய மலையெல்லாம் இல்லை. சிவப்பு மண்ணில் எழும்பிய நீண்ட மேடு. முந்திரித் தோப்புக்கு நடுவே வண்டித்தடம் மேலே போகிறது. ஆனால் காற்று இருக்கிறதே, அதுதான் பேய்க்காற்று. ஆடி மாதத்து மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. முந்திரி இலைகள் ஒரேயடியாய் இரைந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சட்டை உப்ப, பாவாடை பறக்க, கையை விரித்துக்கொண்டு கூச்சல் போட்டு ஓடினார்கள். பி.டி. சார் செந்தமிழன் விசிலை ஊதினார். விசில் சத்தத்தையும் காற்று கொண்டுபோய்விட்டது.

"சூரியன் வந்துடும், சீக்கிரம் ஏறுங்கடா!"

நீலாவதி வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதித் தூரம் போவதற்குள் மூச்சு வாங்கியது. வருஷக்கணக்காக மண்ணைத் தின்ற உடம்பில் ரத்தம் எங்கே இருக்கும்? கண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாகப் பறந்தது. யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாதபடி மகள் இழுக்க அம்மா நடந்தாள். பிள்ளைகளெல்லாம் தாண்டிப் போய்விட்டார்கள்.

"முடியலயாம்மா?"

"ஒண்ணுமில்ல. காத்து மூச்ச அடைக்குது. நீ வேணா ஓடு, கடலப் பாக்கறதுக்குத்தானே வந்த."

"ஒன்ன வுட்டுட்டா? மிஸ்ஸு திட்டுவாங்க." வெண்பா சுற்றிலும் பார்த்தாள். வழியோரம் மண்ணெடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. உள்ளே இறங்கினால் காற்று அவ்வளவாக இல்லை. "இங்க குந்தும்மா. சாருகிட்ட தண்ணி இருக்குது. வாங்கியாரன்."

மகள் மேலே ஓடினாள். நீலாவதி பள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடியதும்தான் மண் வாசம் வந்தது. ராத்திரி ஒரு தூறல் போட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள். சிவப்பு மண்ணுக்கு நடுவே, அவள் தோளுக்குப் பக்கத்திலேயே, ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் களி ஈரமாக ஓடியது. ஷெட்டில் இருப்பது பல தடவை அரைத்துச் சலித்த களி. இது யாரும் தொடாத களி.

எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தாள். கால் எழவில்லை. வாசத்தை மட்டும் பார்ப்போம் என்று ஒரு துண்டைக் கிள்ளினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான் தெரியும். அதற்கப்புறம் கை போவதும் வருவதுமாக இருந்தது. பல்லில் சிவப்பு மணல் நறநறவென்று கடிபட்டது. அதையும் சேர்த்துத் தின்றாள். தின்னும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்பின் ஞாபகம் வந்தது, பஸ்ஸின் ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை.

காலடிச் சத்தத்தைக் காற்று மறைத்துவிட்டது. விளிம்பிலிருந்து மண் சரிந்து விழுந்ததும் நிமிர்ந்தாள். தண்ணீர் பாட்டிலோடு வெண்பா மேலே நின்றிருந்தாள். நீலாவதியின் வாய் நிறைய மண். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை.

வெண்பா திரும்பிப் பின்னால் பார்த்தாள். முந்திரி மரத்துக்கு அந்தப் பக்கம் ஜெயஸ்ரீ மிஸ் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அன்பரசியும் இன்னும் சில பிள்ளைகளும். வெண்பா பள்ளத்தில் குதித்தாள். அம்மாவுக்கு முன்னால் நின்று, களியில் கையை வைத்து வழித்து, தன் உதட்டிலும் மோவாயிலும் பூசிக்கொண்டாள். நீலாவதி முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டாள். தானாகப் போன கை அது, பழகிய கை.

"அய்யய்யோ, பாத்தீங்களா!" மிஸ்ஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எதுக்கும்மா ஒங்கள வரச் சொன்னேன்? கையப் புடிச்சிக்கங்கன்னுதானே சொன்னேன்? அம்மாவுக்கு முடியலன்னு தண்ணி வாங்க வந்தவ, அதுக்குள்ள வேலையக் காட்டிட்டாளா?"

நீலாவதி தலையை அசைத்தாள். என்னவென்று அசைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்ணுப்புழு!" என்றாள் அன்பரசி. பிள்ளைகள் சிரித்தார்கள். மேலே போனவர்களும் என்ன வேடிக்கை என்று இறங்கி வந்தார்கள். பள்ளத்தின் விளிம்பு முழுக்கத் தலைகள்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன் வெண்பா? ஒங்கம்மா பாவம், முடியாதவங்க, ஒனக்காக வந்திருக்காங்க. வெக்கமா இல்ல?"

"இனிமே திங்கமாட்டன் மிஸ்," என்றாள் வெண்பா.

"இத நான் எத்தன தடவ கேட்டிருக்கேன்?"

"சத்தியமா மிஸ். எங்கம்மாமேல சத்தியமா இனிமே திங்கமாட்டன்."

குரலில் அழுகை இல்லை. ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். இந்தச் சத்தியத்தை அவள் எத்தனை பேருக்கு எத்தனை தடவை செய்திருக்கிறாள் என்பது நீலாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படியில் தான் செய்து உடைத்த சத்தியத்தையெல்லாம் இந்தப் பெண் ஊர் நடுவில் நின்று செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதற்கு மேல் முந்தானையைப் பிடித்திருக்க அவளால் ஆகவில்லை. கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள். வெள்ளைக் களி எச்சிலோடு குழைந்து மோவாயில் வழிந்து ரவிக்கையில் சொட்டியது.

"நான்தாங்க மிஸ்ஸு," என்றாள். மண்ணோடு பேசியதில் வார்த்தை குழறியது. துப்பிவிட்டு மறுபடி சொன்னாள். "நான்தாங்க திங்கறது. இன்னைக்கு மட்டுமில்ல. எப்பவுமே நான்தாங்க. எம்புள்ள ஒரு பொட்டு மண்ண வாயில வெச்சதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஜெயஸ்ரீ மிஸ் வெண்பாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி நீட்டினார்.

"மொதல்ல வாயக் கொப்புளிங்கம்மா. அப்பறம் பேசிக்கலாம். இதுக்கெல்லாம் டாக்டருங்க இருக்காங்க." குரல் இறங்கிவிட்டது. வெண்பாவைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார். பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிஸ் அன்பரசியின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "வாங்க எல்லாரும் மேல. சூரியன் வந்துடுச்சி. என்னா பாக்கறீங்க? வாங்க."

தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கத்துகிற சத்தம் காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. நீலாவதி பாட்டில் காலியாகும்வரை வாய் கொப்பளித்தாள். வெண்பா பள்ளத்தின் மறு ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோவாயில் பூசிய களி காய்ந்து வெடித்திருந்தது. துடைக்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும் பாப்பா?"

"அன்னைக்கே தெரியும்."

"எந்த அன்னைக்கு?"

"யானைய நீ கடிச்ச அன்னைக்கு. கை கழுவப் போனன். பலவைக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்த. பாத்தன்."

அப்படியானால் அடி வாங்கும்போதே தெரியும். பயத்தில் வாயடைத்துப்போனதெல்லாம் இல்லை.

"அப்பறம் ஏன்டி சொல்லல? நான் அந்த அடி அடிச்சனே, நான் இல்ல, எங்கம்மாதான்னு சொல்றதுக்கென்னா?"

"நீ சொல்லுவன்னு இருந்தன்," என்றாள் வெண்பா. "அன்னைக்குச் சொல்லல. சரி, வூட்டுக்குப் போயி அப்பாகிட்ட சொல்லுவன்னு இருந்தன். மாத்திர வாங்கப் போறப்ப சொல்லுவன்னு இருந்தன். அப்பறம் எண்ணறத வுட்டுட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ் வராததைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். நீலாவதிக்கு மகள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தன் கையைப் பார்த்தாள், நகக்கண்ணெல்லாம் வெள்ளை. அதையும் பார்க்கக் கூசியது. இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லிடறன் பாப்பா."

வெண்பா முதல் தடவையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "இன்னைக்கேவா?"

அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நீலாவதியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த பர்ஸிலிருந்து போனை எடுத்து, களிக் கையாலேயே திலீபனின் நம்பரைத் தேடி அழுத்தினாள். பள்ளத்துக்குள் டவர் எடுக்கவில்லை. கையை ஊன்றி மேலே ஏறினாள். மேலே காற்று சேலையைப் பிய்த்தது. தூரத்தில் கடல் வெளுத்துக் கிடந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெண்பாவும் ஏறி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னா நீலா, மலை ஏறிட்டீங்களா?" திலீபன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தம் கேட்டது. "பாப்பா மண்ணுல வாய வெக்காம பாத்துக்கிட்டியா?"

வெண்பா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா திங்கலங்க," என்றாள் நீலாவதி. "பாப்பா எப்பவுமே தின்னதில்ல. நான்தான் தின்னன். தின்னுட்டு அவளப் போட்டு அடிச்சன்."

"என்னா? காத்துதான் இரையுது. ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு."

நீலாவதி மேலே நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மலையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.